'குவைட்' என்ற சொல்லுக்கு 'மிகவும்' மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், மிகுதிப் பொருள் தரும் வினையடைகளைப் பற்றி அண்மையில் வந்த பாடத்தைப் படித்தேன். 'வெரி', 'ரியலி', 'எக்ஸ்ட்ரீம்லி' ஆகியவற்றோடு 'குவைட்' (quite) என்ற சொல்லையும் ஒரே பட்டியலில் சேர்த்து, அதற்கு நேராக 'மிகவும்' என்று ஒற்றைப் பொருள் தரப்பட்டிருந்தது. மற்ற சொற்களுக்குத் தந்த விளக்கங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. 'குவைட்' பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் ஓர் இடத்தில் 'முற்றிலும்' என்றும், இன்னோர் இடத்தில் 'ஓரளவு' என்றும் பொருள்படும். 'மிகவும்' என்ற பொருள் அதற்கு உண்டு என்றாலும், அது எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைப் பெரும்பாலும் அதற்கு அடுத்து நிற்கும் சொல்லே முடிவு செய்கிறது. இதைச் சொல்லாமல் 'மிகவும்' என்று மட்டும் மனப்பாடம் செய்யவைத்தால், அரைகுறைப் பாராட்டைப் பெரும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் மாணவர்களுக்கு வரும்.

பக்கத்தில் நிற்கும் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். 'ஐ ஆம் குவைட் டயர்ட்' என்று ஒருவர் சொல்கிறார். பிரிட்டிஷ் வழக்கில் இதன் பொருள், 'எனக்குக் கொஞ்சம் களைப்பாகத்தான் இருக்கிறது' என்பது. தேவைப்பட்டால் அவரை இன்னும் ஒரு மணி நேரம் வேலை செய்யச் சொல்லலாம்; அவர் மறுக்க மாட்டார். அதே ஆள் 'ஐ ஆம் குவைட் எக்ஸாஸ்டட்' என்று சொன்னால், 'இனி என்னால் சுத்தமாக முடியாது' என்று பொருள். அவரை எழுப்பி உட்காரவைப்பதே பாவம். இரண்டும் களைப்பைப் பற்றிய பேச்சுதான்; இரண்டிலும் இருப்பது ஒரே 'குவைட்'தான். ஆனால் முதல் வாக்கியத்தில் அது களைப்பைத் தணித்துக் காட்டுகிறது. இரண்டாவதில் களைப்பின் எல்லைவரை கொண்டுபோய் விடுகிறது.

காரணம் எளிது. 'டயர்ட்', 'டால்', 'குட்', 'வார்ம்' போன்ற பெயரடைகள் ஏறி இறங்கக்கூடிய தன்மையைக் குறிப்பவை. ஒருவர் சற்று உயரமாகவோ மிக உயரமாகவோ இருக்கலாம். ஒருவரைவிட இன்னொருவர் உயரமாகவும் இருக்கலாம். இத்தகைய சொற்களோடு சேரும்போது 'குவைட்' அந்த ஏணியின் நடுப்படியில் போய் நின்றுகொள்கிறது. 'இம்பாசிபிள்', 'ஃபினிஷ்ட்', 'டெட்', 'எக்ஸாஸ்டட்' போன்றவை அப்படியல்ல. அவை ஒரு முடிவை அல்லது ஓர் உச்சத்தைக் குறிப்பவை. முடிந்த வேலையில் 'சற்று முடிந்தது', 'நன்றாக முடிந்தது' என்ற படிநிலைகள் கிடையாது. இத்தகைய சொற்களுக்கு முன்னால் வரும் 'குவைட்' ஏற வேறு படி இல்லாததால் முழுமையைக் குறிக்கிறது. 'குவைட் இம்பாசிபிள்' என்றால் 'ஓரளவு இயலாதது' அல்ல, 'அறவே இயலாதது'.

இதைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்லித்தரலாம். அந்தப் பெயரடைக்கு முன்னால் 'வெரி' போட்டுப் பார்க்க வேண்டும். 'வெரி டால்' பொருந்துகிறது. ஆகவே 'குவைட் டால்' என்பது 'ஓரளவு உயரம்'. 'வெரி இம்பாசிபிள்' பொருந்தவில்லை. ஆகவே 'குவைட்' அங்கே 'முற்றிலும்'. இந்தச் சோதனை பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் எப்போதும் அல்ல. 'டிஃபரென்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் 'வெரி' தாராளமாக வரும். இருந்தும் 'குவைட் டிஃபரென்ட்' என்பது பெரும்பாலும் 'முற்றிலும் வேறானது' என்றே பொருள்படும். 'குவைட் ரைட்', 'குவைட் ஷ்யூர்', 'குவைட் கிளியர்' ஆகியவையும் முழுமையின் பக்கமே சாய்கின்றன. 'தி பாட்டில் ஈஸ் குவைட் ஃபுல்' என்றால் கழுத்துவரை நிறைந்திருக்கிறதா, ஓரளவு நிறைந்திருக்கிறதா என்று ஆங்கிலேயரே ஒருமுறை எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். 'யூனீக்' என்ற சொல்லைப் பற்றி ஆங்கில இலக்கணக்காரர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். தனித்தன்மை இருக்கும் அல்லது இருக்காது, அதில் 'மிகவும்' எங்கிருந்து வந்தது என்று 'வெரி யூனீக்' என்பவரைக் கடிந்துகொள்கிறவர்கள்கூட, 'குவைட் யூனீக்' என்பதை விட்டுவிடுவார்கள். அங்கே அது 'முற்றிலும்' என்ற பழைய பொருளில் நிற்பதே காரணம்.

பழைய பொருள் என்று சொல்வதற்கு ஆதாரம் உண்டு. இந்தச் சொல்லின் மூலம் 'அமைதியான, ஓய்ந்த' என்று பொருள்படும் 'குவையெட்டஸ்' என்ற லத்தீன் சொல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'விடுபட்ட, கடன் தீர்ந்த' என்ற பொருளைப் பெற்றிருந்தது. 'க்விட்', 'அக்விட்', மௌனத்தைக் குறிக்கும் 'குவையட்' எல்லாம் இதே குடும்பம்தான். மாணவர்கள் 'குவைட்' எழுத வேண்டிய இடத்தில் 'குவையட்' என்று எழுத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. இரண்டும் உறவுக்காரச் சொற்கள் என்று சொல்லித்தந்தால் ஒருவேளை நினைவில் நிற்கும்.

பாக்கி எதுவும் இல்லாமல் தீர்ந்தது என்ற நிலையிலிருந்து 'முழுவதும்' என்ற பொருள் பிறப்பதில் வியப்பில்லை. தமிழிலும் 'சுத்தம்' என்ற சொல் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. 'சுத்தமாக மறந்துவிட்டேன்' என்று சொல்லும்போது யாரும் தூய்மையைப் பற்றி நினைப்பதில்லை. அதை ஆங்கிலத்தில் 'ஐ குவைட் ஃபர்காட்' என்று சொன்னால் அச்சாகப் பொருந்தும். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், ஆதியாகமம் 31-ஆம் அதிகாரத்தில், ராகேலும் லேயாளும் தங்கள் தந்தையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் இடத்தில் 'குவைட் டிவவர்ட் ஆல்சோ அவர் மனி' என்று வருகிறது. தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் ஓரளவு தின்றுவிட்டார் என்று அந்தப் பெண்கள் சொல்லவில்லை. ஒரு காசு மிச்சமில்லாமல் விழுங்கிவிட்டார் என்றே சொல்கிறார்கள். 'ஓரளவு' என்ற தணிந்த பொருள் அதன் பிறகு மெல்ல மெல்லப் படிந்ததுதான்.

மிகுதிச் சொற்கள் இப்படித் தேய்வது எந்த மொழியிலும் நடப்பதுதான். 'நிரம்ப' என்பதே பேச்சில் 'ரொம்ப' ஆயிற்று. நிரம்பியது என்றால் மேலே இடமில்லை என்று பொருள். இன்று 'ரொம்ப' என்பதற்கு அவ்வளவு கனம் கிடையாது. 'ரொம்ப ரொம்ப' என்று இரட்டித்தால்தான் சிலருக்கு நிறைவு வருகிறது. 'உறுதவ நனியென வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப' என்று தொல்காப்பியம் சுட்டுகிற 'உறு', 'தவ', 'நனி' மூன்றும் இன்று பேச்சில் இல்லை. அந்த இடத்தை வேறு சொற்கள் பிடித்துக்கொண்டன. ஆங்கிலத்தில் 'வெரி'யும் ஒரு காலத்தில் 'உண்மையான' என்று பொருள் தந்த சொல்தான். 'குவைட்' இவற்றிலிருந்து வேறுபடுவது ஒரே ஓர் இடத்தில். தேய்ந்த பொருளைப் பெற்ற பிறகும் அது தேயாத பொருளைக் கைவிடவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டிருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

ராண்டால்ஃப் குவர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் 1985-இல் வெளியிட்ட பெரும் ஆங்கில இலக்கண நூல், மிகுதியும் குறைவும் காட்டும் வினையடைகளைக் கூட்டிக் காட்டுபவை, குறைத்துக் காட்டுபவை என்று இரண்டு பெரும் பிரிவாக வகுக்கிறது. கூட்டிக் காட்டுபவற்றில் உச்சத்தைத் தொடுபவற்றுக்கு 'மேக்சிமைசர்' என்று பெயர். குறைத்துக் காட்டுபவற்றில் நடுவழியில் நிற்பவற்றுக்குக் 'காம்ப்ரமைசர்' என்று பெயர். 'குவைட்' இந்த இரண்டு பட்டியலிலும் இடம்பெறுகிறது. இலக்கண நூலே இரண்டு இடத்தில் வைத்த சொல்லைத் தங்கள் பாடம் மூன்றாவதாக ஓர் இடத்தில், அதுவும் ஒரே இடத்தில், வைத்தது பொருந்துமா என்பதே என் கேள்வி.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பாடம் எழுதியவர் அமெரிக்க வழக்கை மனத்தில் வைத்திருக்கலாம். அமெரிக்கர் ஒருவர் 'இட்ஸ் குவைட் குட்' என்றால், பெரும்பாலும் 'நன்றாகவே இருக்கிறது' என்று மெய்யாகவே பாராட்டுகிறார். அதே சொற்களை ஆங்கிலேயர் ஒருவர் சொன்னால் 'மோசமில்லை' என்ற அளவோடு நிற்கலாம். சில சமயம், 'இன்னும் எதிர்பார்த்தேன்' என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழியாகவும் இருக்கலாம். இரு நாட்டாரும் ஒரே மொழி பேசுவதாக நம்பிக்கொண்டு இந்தச் சொல்லில் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வது அவர்களுக்குள்ளேயே பழைய வேடிக்கை. ஆகவே 'மிகவும்' என்பது அடியோடு தவறு என்று நான் சொல்லவில்லை. எந்த வழக்கில், எந்தச் சொல்லோடு என்று குறிப்பிடாமல் விட்டதுதான் தவறு.

பிரிட்டிஷ் பேச்சில் குரலும் பொருளை மாற்றும். 'இட்ஸ் குவைட் குட்' என்பதில் அழுத்தம் 'குவைட்' மேல் விழுந்து, குரல் இறங்கி ஏறினால், பின்னால் ஓர் 'ஆனால்' காத்திருக்கிறது என்று பொருள். அழுத்தம் 'குட்' மேல் விழுந்தால் பேசுபவர் உள்ளபடியே நிறைவாக இருக்கிறார். தமிழருக்கு இதை விளக்குவது கடினமே இல்லை. ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு 'பரவாயில்லை' என்று இழுத்தாற்போல் சொன்னால் எழுதியவர் முகம் வாடும். புருவத்தை உயர்த்திப் 'பரவாயில்லையே!' என்றால் அவர் மகிழ்ந்துபோவார். பேச்சில் இந்த வசதி இருக்கிறது. எழுத்தில் குரல் இல்லாததால் சுற்றியுள்ள சொற்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியதாகிறது. பரிந்துரைக் கடிதம் ஒன்றில் 'ஹிஸ் வொர்க் ஈஸ் குவைட் குட்' என்ற ஒரு வரி மட்டும் தனியாக நின்றால், எழுதியவர் பிரிட்டிஷ் வழக்கில் பழகியவர் என்றால், அது பரிந்துரையே அல்ல என்று அனுபவமுள்ள தேர்வாளர் புரிந்துகொள்வார். அந்த வரியை 'அவருடைய பணி மிகவும் நன்று' என்று மொழிபெயர்த்துக் கொடுப்பவர், எழுதியவர் தராத சான்றிதழைத் தாமே தந்துவிடுகிறார்.

வினைச்சொற்களோடு வரும்போதும் இதே இரட்டைத்தன்மை உண்டு. 'ஐ குவைட் லைக் இட்' என்றால் 'எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது', அதாவது ஓரளவு. 'ஐ குவைட் அக்ரீ' என்றால் 'முழுமையாக உடன்படுகிறேன்'. 'ஐ குவைட் அண்டர்ஸ்டாண்ட்' என்பதும் முழுமைதான். விருப்பத்துக்கு அளவு உண்டு. உடன்பாட்டில் உண்டா இல்லையா என்பதே முதல் கேள்வி. பேச்சுக்கு மறுமொழியாகக் 'குவைட்' என்றோ 'குவைட் ஸோ' என்றோ மட்டும் ஒருவர் சொன்னால், 'நீங்கள் சொல்வது முற்றிலும் சரி' என்று பொருள். சற்றுப் பழமையான, மிடுக்கான பேச்சு அது.

எதிர்மறையில் மட்டும் குழப்பம் குறைவு. 'நாட் குவைட்' என்று வந்தால், 'குவைட்' அங்கே எப்போதும் முழுமையைக் குறிக்கும். மொத்தத்தில் 'முழுவதும் அப்படி இல்லை, ஆனால் கிட்டத்தட்ட' என்ற பொருள் கிடைக்கும். 'தி வொர்க் ஈஸ் நாட் குவைட் ஃபினிஷ்ட்' என்றால் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, கொஞ்சம்தான் பாக்கி. இதை 'வேலை மிகவும் முடியவில்லை' என்று யாரும் எழுதமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 'வேலை முற்றிலும் முடியவில்லை' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் அது 'வேலை அறவே நடக்கவில்லை' என்றும் படிக்க இடம் தருகிறது. 'முழுதாக முடியவில்லை' என்றோ 'வேலை இன்னும் சற்று மீதமிருக்கிறது' என்றோ எழுதினால் பிழைக்கு இடமில்லை.

'குவைட் எ ஃப்யூ' என்ற தொடரைத் தனியாகத்தான் கற்பிக்க வேண்டும். 'ஃப்யூ' என்றால் கொஞ்சம். 'எ ஃப்யூ' என்றால் சில. 'குவைட் எ ஃப்யூ' என்றால் கணிசமான எண்ணிக்கை. மேலே சொன்ன எந்த விதியும் இதற்குப் பொருந்தாது. 'மிகவும் சில பேர் வந்தார்கள்' என்றோ 'வெகு சிலரே வந்தார்கள்' என்றோ மொழிபெயர்த்தால் கூட்டமே கலைந்துவிடும். 'நிறையப் பேர் வந்தார்கள்' என்பதே சரி. 'குவைட் எ லாட்', 'குவைட் எ பிட்', 'குவைட் சம் டைம்' ஆகிய மூன்றும் இதே வகை. 'குவைட் எ' என்பதோடு அடைமொழி இல்லாத பெயர்ச்சொல் வந்தால் வியப்பு வந்து சேரும்: 'தட் வாஸ் குவைட் எ ஸ்பீச்' என்றால் 'அது சாதாரணப் பேச்சா என்ன!' என்று பொருள். 'குவைட் தி எக்ஸ்பர்ட்' என்று வந்தால் பெரும்பாலும் கேலி கலந்திருக்கும்.

சொல் வரிசையைப் பற்றி ஒரு வரி போதும்: பெயரடையோடு பெயர்ச்சொல்லும் வரும்போது 'எ குவைட் குட் புக்' என்பதைவிடக் 'குவைட் எ குட் புக்' என்பதே இயல்பான வழக்கு. ஒப்பீட்டுச் சொற்களோடு 'குவைட்' சேராது. 'டால்' என்பதன் ஒப்பீட்டு வடிவத்தோடு சேர்த்துக் 'குவைட் டாலர்' என்று சொல்வதில்லை. 'குவைட் பெட்டர்' மட்டும் விதிவிலக்கு, அதுவும் நோயிலிருந்து முழுமையாகக் குணமாகிவிட்டார் என்ற பொருளில்.

தங்கள் நாளிதழுக்கு இதில் பாடப் பகுதியைத் தாண்டியும் அக்கறை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செய்திப் பிரிவில் அன்றாடம் மொழிபெயர்ப்பு நடக்கிறது. பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வரும் ஒருவர் 'தி டாக்ஸ் வேர் குவைட் யூஸ்ஃபுல்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'யூஸ்ஃபுல்' அளவுள்ள சொல். சொன்னவர் பிரிட்டிஷ் வழக்கில் பேசுபவராக இருந்தால், அது எச்சரிக்கையோடு சொன்ன வாக்கியம். பேச்சு முறியவில்லை, ஆனால் பெரிதாக எதுவும் கிடைக்கவும் இல்லை. மறுநாள் 'பேச்சுவார்த்தை மிகவும் பயனுள்ளதாக அமைந்தது' என்று தலைப்பு வந்தால், பேசியவர் கொடுக்காத நம்பிக்கையை வாசகருக்கு நாளிதழ் கொடுத்துவிடுகிறது. 'பேச்சுவார்த்தை ஓரளவு பயன் தந்தது' என்பது தலைப்புக்குச் சப்பென்று இருக்கலாம். சொன்னது அதுதான் என்றால் அப்படித்தான் போட வேண்டும். ஐயம் வந்தால், சொன்னவர் எந்த நாட்டு வழக்கில் பேசுபவர் என்று பார்த்தும், முன்னும் பின்னும் அவர் சொன்னதைப் படித்தும் முடிவு செய்யலாம். அதற்கும் இடமில்லாதபோது 'பேச்சுவார்த்தை பயனுள்ளதாக இருந்தது' என்று அடைமொழியை விட்டுவிடுவது, தவறான அடைமொழி போடுவதைவிட நல்லது. 'குவைட்' என்று கண்டதும் கை தானாக 'மிகவும்' என்று தட்டச்சு செய்வதுதான் ஆபத்து.

அகராதிகளின் மேல் முழுப் பழியையும் போடுவதற்கில்லை. பல ஆங்கில–தமிழ் அகராதிகளில் 'முற்றிலும், முழுவதும், ஓரளவு, மிகவும்' என்று பொருள்கள் காற்புள்ளி இட்டு அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். எதிரெதிரான பொருள்கள் ஒரே வரியில் நிற்கின்றனவே என்று திகைக்கும் மாணவர், தமக்குப் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அது பெரும்பாலும் 'மிகவும்'. எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாத அகராதி இந்தச் சொல்லுக்கு உதவாது என்பதே என் கருத்து.

ஆகவே, அடுத்து வரும் பயிற்சிப் பகுதியில் 'குவைட்' என்ற சொல்லை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பாடமாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 'குவைட் டயர்ட்', 'குவைட் எக்ஸாஸ்டட்', 'நாட் குவைட் ஃபினிஷ்ட்', 'குவைட் எ ஃப்யூ' என்ற நான்கையும் முழு வாக்கியங்களாக, தமிழ்ப் பொருளோடு அச்சிட்டாலே பெரும்பகுதி விளங்கிவிடும். பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கு வேறுபாட்டைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. முந்தைய பாடத்தின் பயிற்சி வினாக்களில், 'வெரி'க்குப் பதிலாகக் 'குவைட்' போட்டு எழுதுமாறு கேட்ட மூன்றாவது வினாவையும் நீக்கிவிட வேண்டும். அந்த வினாவுக்குச் சரியான விடை என்று ஒன்று இருக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்